தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும்: நடக்காத நாளில் அவை என்ன செய்கின்றன?

"இந்தக் காலத்தில் தொழிற்சங்கமெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களில் பலர் விடையையும் கையோடு கொண்டுவருகிறார்கள். சங்கம் என்பது புகைபோக்கி ஆலைகளின் காலத்து ஏற்பாடு என்றும், கணினியின் முன் அமர்ந்து வேலை செய்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். சங்கத்தைக் குறைகூறுவதே உழைப்பவருக்குச் செய்யும் துரோகம் என்று இன்னொரு சாரார் சீறுகிறார்கள். இரு சாராரின் மனத்திலும் இருப்பது ஒரே படம்தான்: வாயிற்கதவு, கொடி, கோஷம். அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது, எந்தக் கணக்கின்படி ஒரு வேலைநிறுத்தம் வெல்கிறது அல்லது தோற்கிறது என்பது பேச்சில் வருவதே இல்லை.

ஒரு கருவி இன்னும் தேவையா என்று அறிய அதன் வயதைப் பார்ப்பது சரியான வழி ஆகாது. தட்டச்சுப் பொறி பழையது என்பதால் ஒதுங்கவில்லை. அது செய்த வேலையை இன்னொன்று மேலும் நன்றாகச் செய்யத் தொடங்கியதால் ஒதுங்கியது. தொழிற்சங்கத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். அது செய்துவந்த வேலை இன்னும் மிச்சம் இருக்கிறதா? இருந்தால், அதைச் செய்ய வேறு கருவி வந்துவிட்டதா? இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

## பழுதான லிஃப்டும் நாற்பது வீடுகளும்

நாற்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். எல்லா வீடுகளும் ஒருவருக்கே சொந்தம். எல்லாவற்றிலும் வாடகைக்கு ஆள் இருக்கிறது. லிஃப்ட் மூன்று மாதங்களாகப் பழுது. ஆறாவது மாடியில் இருப்பவர் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, சரிசெய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிடுவதாகச் சொல்கிறார். உரிமையாளர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். ஒருவர் போனால் நாற்பதில் ஒரு பங்கு வாடகை ஒன்றிரண்டு மாதம் வராது. லிஃப்டைச் சரிசெய்யும் செலவோ அதைவிடப் பல மடங்கு. "உங்கள் வசதிப்படி செய்யுங்கள்" என்று மரியாதையாகவே சொல்லிவிடுகிறார்.

ஆறாவது மாடிக்காரரின் கணக்கு வேறு மாதிரியானது. அவர் வீடு தேட வேண்டும், முன்பணம் புரட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். போகிறேன் என்று மிரட்டியவருக்கே போவது பெரிய இழப்பு. எனவே அவர் போகமாட்டார் என்பது உரிமையாளருக்குத் தெரியும். உரிமையாளருக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும். லிஃப்ட் அப்படியே கிடக்கும்.

இப்போது நாற்பது வீட்டாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, லிஃப்ட் ஓடும்வரை வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுவைப்போம் என்று எழுதினால் கணக்கு தலைகீழாகிறது. யாரும் அதிகப் பணக்காரர் ஆகிவிடவில்லை, உரிமையாளரும் திடீரென நல்லவராகிவிடவில்லை. அவரவர் இழக்கக்கூடியதன் அளவு மட்டும் மாறியிருக்கிறது. இந்தக் கதையில் உரிமையாளர் கெட்டவர் என்று எங்கும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தொழிற்சங்கத்தின் தேவையை விளக்கக் கொடுமைக்கார முதலாளி ஒருவரைக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை; கூட்டல் கழித்தல் தெரிந்த சாதாரண முதலாளி போதும்.

## பேரவலிமை என்றால் என்ன

மேலே நாம் கண்டதற்குப் பேரவலிமை, அதாவது பேரம் பேசும் வலிமை, என்று பெயர். பேச்சு முறிந்தால் யாருக்கு இழப்பு குறைவோ அவருக்கே பேரவலிமை அதிகம். குரலை உயர்த்துவதற்கும் வாதத் திறமைக்கும் இதில் சிறு பங்குதான் உண்டு.

வேலை ஒப்பந்தம் காகிதத்தில் இரு சமமானவர்களுக்கு இடையே ஏற்படுவது. பிடிக்காவிட்டால் தொழிலாளி விலகலாம், நிறுவனமும் விலக்கலாம். ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒருவர் விலகினால் நிறுவனம் இழப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு உழைப்பு. அவர் இழப்பதோ தம் வருமானம் முழுவதையும். 1776-லேயே ஆடம் ஸ்மித் இதைத் தெளிவாகக் கவனித்திருந்தார். பிணக்கு ஏற்பட்டால் முதலாளிகள் சேர்த்துவைத்ததைக் கொண்டே ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடியும் என்றும், தொழிலாளர்களில் பலரால் ஒரு வாரம்கூட முடியாது என்றும் அவர் எழுதினார். சந்தைப் பொருளியலின் மூலவராகக் கொண்டாடப்படுபவரே இதைச் சொல்லியிருக்கிறார் என்பது இன்றைய விவாதங்களில் ஏனோ மறந்துபோகிறது.

இதை ஓர் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். சிறிய அறை, மேசையின் மேல் பாதி திருப்பிவைத்த மடிக்கணினி. திரையில் ஊழியரின் பெயருக்கு நேரே ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. ஊழியர் தாம் தயாரித்துவந்த நான்கு பக்கச் சாதனைப் பட்டியலை எடுத்துச் சொல்கிறார். மேலாளர் உண்மையாகவே தலையசைத்துக் கேட்கிறார். கடைசியில், "நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் இந்த ஆண்டு எல்லாருக்கும் இதுதான்" என்கிறார். அந்த எண் இந்த அறையில் முடிவானது அன்று. அதை மாற்றும் அதிகாரம் மேலாளருக்கே கிடையாது. மாற்றக் கூடியவர்களிடம் பேசுவதற்கு இந்த ஊழியருக்கு வழி கிடையாது. "எல்லாருக்கும்" சேர்த்து முடிவெடுத்தவர்களுடன் "எல்லாருக்காகவும்" பேச யாரும் இல்லை என்பதுதான் அந்த அறையில் இருக்கும் வெற்றிடம்.

வேலை மாறுவது எளிதாக இருந்தால் இந்த வெற்றிடம் பெரிதாக உறுத்தாது. ஆனால் ஒரு வட்டாரத்தில் ஒரு குறிப்பிட்ட திறனை வாங்க ஓரிரு நிறுவனங்களே இருக்கும்போது போட்டிக்கு ஆள் இல்லாமல் ஊதியம் தாழ்வாகவே நிற்கும். பொருளியலில் இதற்கு வாங்குவோர் ஏகபோகம் என்று பெயர். விற்பவர் ஒருவரே என்றால் விலை ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாங்குபவர் ஒருவரே என்றால் விலை இறங்கும் என்பது அதன் மறுபக்கம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: தனி ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேரவலிமையில் பெரிய இடைவெளி இருக்கிறது, அது யாருடைய தீய எண்ணத்தாலும் வருவதன்று, இழப்பின் அளவு வேறுபடுவதால் வருவது.

## சங்கம் அன்றாடம் என்ன செய்கிறது

ஊழியர்கள் தனித்தனியே பேசுவதற்குப் பதிலாகத் தங்களுக்குள் ஓர் அமைப்பை ஏற்படுத்தி, அதன் வழியாக ஊதியம், வேலைநேரம், பணிநிலைமை ஆகியவற்றை நிர்வாகத்துடன் பேசி உடன்படிக்கை செய்துகொள்வதைக் கூட்டுப் பேரம் என்கிறோம். அதற்கான நிலையான அமைப்பே தொழிற்சங்கம். கோரிக்கைப் பட்டியல் தருவது, பேச்சுவார்த்தை நடத்துவது, சில ஆண்டுகளுக்குச் செல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஆகியவை அதன் வெளித்தெரியும் பணிகள்.

வெளித்தெரியாத பணிகளே அதிகம், அவை சலிப்பூட்டுபவையும்கூட. ஒருவருக்கு ஓவர்டைம் மூன்று மணி நேரம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருக்கும். இன்னொருவர் மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும்போது பழைய பணியிடத்தில் வேறொருவர் இருப்பார். ஒரு இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு கழன்று கிடக்கும். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள், சொன்னவர் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம். இவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போய் உரிய இடத்தில் வைப்பதே சங்கப் பொறுப்பாளரின் பெரும்பாலான நாட்கள். சொன்னவர் யார் என்று தெரியாமலே குறை மேலே போய்ச் சேர்வது நிர்வாகத்துக்கும் பயனுள்ளது என்பதைப் பல மேலாளர்கள் தனிப்பேச்சில் ஒப்புக்கொள்வார்கள்.

இங்கே ஒரு சிக்கல் பிறக்கிறது. ஒப்பந்தத்தின் பயன் பெரும்பாலும் சந்தா கட்டாதவருக்கும் சேர்ந்தே கிடைக்கும். அப்படியானால் ஏன் கட்ட வேண்டும்? தேர் நகரத்தான் போகிறது, நான் ஒருவன் வடம் பிடிக்காவிட்டால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைத்தால் தேர் நிலையிலேயே நிற்கும். இதனால் சங்கத்தின் வலிமையை உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளக்க முடியாது. பிரான்சில் ஊழியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே சங்க உறுப்பினர். ஆனால் கூட்டு ஒப்பந்தங்களின் கீழ் வருவோர் 90 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு துறையில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தை அரசு அந்தத் துறை முழுமைக்கும் விரிவாக்கிவிடுவதே காரணம். அமெரிக்காவில் நிறுவனம் நிறுவனமாகவே பேச வேண்டியிருப்பதால் உறுப்பினர் குறைந்தால் ஒப்பந்தமும் குறைகிறது. அங்கே 1983-இல் 20.1 விழுக்காடாக இருந்த சங்க உறுப்பினர் விகிதம் 2024-இல் 9.9 விழுக்காடாகச் சரிந்திருக்கிறது. "உலகெங்கும் சங்கங்கள் மறைந்துவருகின்றன" என்று பொதுவாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை நாட்டின் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள்.

## வேலைநிறுத்தம்: இருவரும் இழக்கும் விந்தை

வேலைநிறுத்தம் என்பது வேலையை விடுவதன்று. வேலையில் இருந்துகொண்டே, கோரிக்கை தீரும்வரை உழைப்பைக் கூட்டாக நிறுத்திவைப்பது. நிர்வாகமும் இதற்கு இணையாகத் தன் பக்கத்திலிருந்து ஆலையை மூடி, ஊழியரை உள்ளே விடாமல் நிறுத்தலாம், அது கதவடைப்பு. ஊரை முடக்கும் கடையடைப்பும் பந்தும் இந்த வகையில் சேரா. அவற்றில் பணியாளருக்கும் பணி தருபவருக்கும் இடையிலான உடன்படிக்கை எதுவும் பேசப்படுவதில்லை. தொடர்பே இல்லாத மூன்றாம் மனிதரும் கதவை மூட வேண்டியிருக்கிறது. மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிப்போடுவதால்தான் பாதி விவாதம் திசைமாறுகிறது.

வேலைநிறுத்தத்தில் ஒரு விந்தை உண்டு. நாற்பது நாள் நின்ற பிறகு எட்டு விழுக்காடு உயர்வில் உடன்பாடு வந்தால், அதே எட்டு விழுக்காட்டை முதல் நாளே ஒப்புக்கொண்டிருக்கலாமே? நாற்பது நாள் ஊதியமும் நாற்பது நாள் உற்பத்தியும் மிஞ்சியிருக்குமே? அறிவுள்ள இரு தரப்பினர் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்ற இந்தப் புதிர், 1932-இல் இதைப் பற்றி எழுதிய பொருளியலாளர் ஜான் ஹிக்ஸின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது.

விடை, ஒருவருக்கு மற்றவரின் எல்லை தெரியாது என்பதில் இருக்கிறது. நிறுவனத்தால் எவ்வளவு தர முடியும் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். ஊழியர்கள் எவ்வளவு நாள் தாங்குவார்கள் என்பது ஊழியர்களுக்கு மட்டுமே, பல சமயம் அவர்களுக்கேகூட அரைகுறையாகத்தான் தெரியும். "எங்களால் முடியாது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்குச் செலவில்லை. கடையில் பேரம் பேசிப் பேசி ஓயும்போது நாம் நான்கு அடி நடந்து பார்ப்பதில்லையா? கடைக்காரர் திரும்ப அழைத்தால் அவர் சொன்ன "கடைசி விலை" கடைசி விலையன்று. அழைக்காவிட்டால் உண்மையிலேயே அதுதான் எல்லை. அந்த நான்கு அடியைப் போன்றதே வேலைநிறுத்தம்; சொல்லால் தெரியவராத உண்மையைச் செலவு செய்து தெரிந்துகொள்ளும் வழி.

இதிலிருந்து முக்கியமான ஒன்று கிடைக்கிறது. நடக்கக் கால் இல்லாதவர் நடந்து காட்டுவதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வேலைநிறுத்த உரிமையே இல்லாத இடத்தில் பேச்சுவார்த்தை நடந்தாலும் அது விண்ணப்பம் கொடுப்பதாகவே முடியும். உரிமை இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது என்றால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஒரு நாள்கூட வேலை நிற்காமலே கையெழுத்தாகும். செய்தித்தாளில் வருவது முறிந்துபோன பேச்சுகள் மட்டும். வேலைநிறுத்தம் நடக்காத நாளில்தான் அதன் விளைவு அதிகம் என்பேன், எழுத்தில் இது முரணாகத் தெரிந்தாலும்.

நின்றாலே வென்றுவிடலாம் என்பதும் தவறு. வேலைநிறுத்தத்தின் வலிமை மூன்றைப் பொறுத்தது: நிறுத்திவைத்த உழைப்பின் விளைபொருள் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது, வெளியில் நிற்பவர்களின் இடத்தில் வேறு ஆள் கிடைப்பார்களா, நிற்பவர்களுக்கு அதுவரை சோறு எங்கிருந்து வரும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1984 மார்ச்சிலிருந்து ஓராண்டு நின்றும் தோற்றார்கள். அரசு முன்கூட்டியே மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்துவைத்திருந்தது. மின்வெட்டு வரவே இல்லை. அமெரிக்காவில் 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் நின்றபோது, மேற்பார்வையாளர்களையும் ராணுவத்தினரையும் கொண்டு அந்தக் கட்டுப்பாட்டுப் பணியை நடத்திய அதிபர் ரீகனின் அரசு, 11,000-க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தது. சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. கூட்டாட்சி அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தம் அங்கே தடைசெய்யப்பட்டது. தமிழில் நிற்பவரின் இடத்தில் போய் வேலை செய்பவருக்குக் "கருங்காலி" என்ற வசைச்சொல் இத்தனை ஆழமாக வேரூன்றியிருப்பதற்குக் காரணம், அந்த இரண்டாவது காரணி எவ்வளவு கூர்மையானது என்பதை ஆலை வாயிலில் நின்றவர்கள் அறிந்திருந்ததுதான்.

மாறாக, 2023 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் வாகனத் தொழிலாளர் சங்கம் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் மூன்றிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எல்லா ஆலைகளையும் நிறுத்தவில்லை. ஒரு நிறுவனத்துக்கு ஓர் ஆலை, மொத்தம் சுமார் 13,000 பேர் மட்டும் வெளியே வந்தார்கள். அடுத்து எந்த ஆலை என்பது அறிவிக்கும்வரை யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் வேலை செய்து ஊதியம் பெற்றதால், வெளியில் நின்றவர்களுக்கு வாரம் 500 டாலர் வழங்கிய சங்க நிதியும் விரைவில் கரையவில்லை. சில வாரங்களில் மூன்று நிறுவனங்களும் 2028 வரையிலான ஒப்பந்தத்தில் 25 விழுக்காடு அடிப்படை ஊதிய உயர்வுக்கு உடன்பட்டன. மூன்று காரணிகளையும் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டதன் விளைவு அது.

மீண்டும் ஒருமுறை: வேலைநிறுத்தம், பேச்சுக்கு நம்பகத்தன்மை தரும் செலவு. கையிருப்பு, மாற்று ஆள், நிதி ஆகிய மூன்றும் அது வெல்லுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

## சட்டம் ஏன் நடுவில் வருகிறது

கூட்டாக உழைப்பை மறுப்பது நெடுங்காலம் குற்றமாகவே இருந்தது. பிரிட்டனில் 1799, 1800 ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர் ஒன்றுகூடிப் பேரம் பேசுவதைத் தடைசெய்தன. அவை 1824-இல் நீக்கப்பட்ட பிறகும், 1834-இல் டால்புடில் என்ற சிற்றூரின் ஆறு பண்ணைத் தொழிலாளர்கள், சங்கம் சேரும்போது ரகசியமாக உறுதிமொழி எடுத்தார்கள் என்று ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மக்கள் எதிர்ப்பால் இரண்டு ஆண்டுகளில் மன்னிப்பு வந்தது.

குற்றம் என்ற முத்திரை போன பிறகு இழப்பீடு என்ற கத்தி வந்தது. டாஃப் வேல் ரயில் நிறுவனத்தின் வழக்கில் 1901-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை, வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுண்டு கட்ட நேர்ந்தது. இந்தியாவிலும் இதுவே நடந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மீது பஞ்சாலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. பிரிட்டனில் 1906-ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் இந்த ஓட்டையை அடைத்தன. முறையான தொழில் தகராறில் எடுக்கும் நடவடிக்கைக்காகச் சங்கத்தின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்புக்குச் சட்டவிலக்கு என்று பெயர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1948-ஆம் ஆண்டு 87-ஆவது உடன்படிக்கையும், 1949-ஆம் ஆண்டு 98-ஆவது உடன்படிக்கையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப் பேர உரிமையையும் உலக அளவில் வகுத்தன.

இந்தப் பாதுகாப்பு வரம்பற்றதன்று. முன்கூட்டிய நோட்டீஸ், பல நாடுகளில் உறுப்பினர்களின் வாக்கெடுப்பு, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் அமைதி ஆகிய நிபந்தனைகள் உண்டு. நின்றால் மக்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து நேரும் பணிகளை அத்தியாவசியச் சேவை என்று வகைப்படுத்தி, அங்கே வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். என் பார்வையில் இது நியாயமே, ஒரு நிபந்தனையுடன்: நிறுத்தும் உரிமையை எடுத்துக்கொண்டவர்கள் அதற்கு ஈடாக விரைவான, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு முறையைத் தர வேண்டும். எடுப்பது மட்டும் நடந்து தருவது நடக்காத இடங்களே அதிகம்.

## சட்டமும் மனிதவளத் துறையும் போதாதா

சங்கம் தேவையில்லை என்போரின் வலுவான வாதம் இதுதான்: குறைந்தபட்ச ஊதியம், எட்டு மணி நேரம், விடுப்பு, பாதுகாப்பு எல்லாம் சட்டமாகிவிட்டன, குறை சொல்ல மனிதவளத் துறை இருக்கிறது, பிடிக்காவிட்டால் வேறு வேலை இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கலாம்.

சட்டம் தருவது தரைமட்டம். அதற்கு மேலே எத்தனை அடி எழும்பலாம் என்பதைச் சட்டம் சொல்லாது. தரைமட்டமும் தானாக வரவில்லை. லண்டனின் பிரயண்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையில் 1888-இல் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்தினார்கள். தாடை எலும்பை அழுகச் செய்த வெண்பாஸ்பரஸும், சிறு தவறுக்கெல்லாம் பிடிக்கப்பட்ட அபராதமும் அவர்களின் குறைகள். அபராத முறை உடனே நீங்கியது. வெண்பாஸ்பரஸைத் தடைசெய்யும் சட்டம் பிரிட்டனில் 1908-இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகள் சட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் எதுவும் கிடைத்திருக்காது. சுவீடனில் இன்றும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே கிடையாது; கூட்டு ஒப்பந்தங்களே அதை நிர்ணயிக்கின்றன.

மனிதவளத் துறை பல இடங்களில் நல்ல எண்ணம் உள்ளவர்களால் நடத்தப்படுகிறது. ஆனால் அது நிறுவனத்தின் ஒரு கை. நிறுவனத்துக்கு எதிரான முறையீட்டில் அதுவே நடுவராக இருக்க இயலாது. ஜெர்மனி இதற்கு ஒரு நடுவழி கண்டது. ஐந்து ஊழியர் இருந்தாலே அவர்கள் தங்கள் சார்பில் நிர்வாகத்துடன் பேசும் பணியிடக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000-க்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு. இந்தப் பணியிடக் குழு வேலைநிறுத்தத்துக்கு அழைக்க முடியாது என்பது சட்டம்; அந்த அதிகாரம் வெளியே சங்கத்திடமே இருக்கிறது. மாற்றுக் கருவி நன்றாக வேலை செய்யும் இடத்திலும் பழைய கருவியை யாரும் தூக்கி எறியவில்லை.

மூன்றாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. அரிய திறன் உள்ளவருக்கு, ஆள் தேடும் நிறுவனங்கள் நிறைய இருக்கும் காலத்தில், தனிப் பேரமே நன்றாக வாய்க்கும்; மென்பொருள் துறையில் நெடுநாள் சங்கம் காலூன்றாததற்கு இதுவே முதல் காரணம். ஆனால் அந்தக் காலம் நிலையானதன்று என்பதை 2022-க்குப் பிறகு வந்த கூட்டப் பணிநீக்கங்கள் பலருக்கும் உணர்த்தின. ஓர் உயர் திறன் தொழிலின் எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 2023 மே 2 முதல் 148 நாள் எழுதாமல் நின்றார்கள். கிடைத்த ஒப்பந்தத்தில், செயற்கை நுண்ணறிவு உருவாக்கியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிடக் கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதிகள் இடம்பெற்றன. அப்போது எந்தச் சட்டமன்றமும் அவர்களுக்கு அப்படி ஒன்றைத் தந்திருக்கவில்லை.

செயலி வழியாக வேலை செய்பவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. அவர்களுக்கு மேலாளரே கண்ணில் படுவதில்லை. ஒரு காலையில் செயலியைத் திறந்தால், "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரி. கீழே உதவிப் பொத்தான்; அதை அழுத்தினால் தானியங்கிப் பதில்; அதற்கு மறுமொழி எழுதினால் மீண்டும் அதே தானியங்கிப் பதில். மதிப்பீட்டு அறையில் தலையசைக்கவாவது ஒரு மனிதர் இருந்தார். மேலும், அவர்கள் ஊழியர்களே அல்லர், தனித் தொழில்முனைவோர் என்று நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் அவர்கள் கூடிக் கட்டணம் பேசுவது, வியாபாரிகள் கூடி விலையை நிர்ணயிக்கும் குற்றம் போல ஆகிவிடக்கூடும். தனியாகத் தொழில் செய்யும் இத்தகையோரின் கூட்டுப் பேரத்தைப் போட்டிச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க ஐரோப்பிய ஆணையம் 2022-இல் தனியாக வழிகாட்டு நெறிகளை வெளியிட வேண்டியிருந்தது. பிரிட்டனின் உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று, ஊபர் ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கும் உரிய தொழிலாளர்களே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எதிரில் அமர்ந்து பேச வேண்டியவர் யார் என்பதை நிலைநாட்டவே அங்கே ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது.

## சங்கங்களின் பக்கம் இருக்கும் குறைகள்

சங்கங்களைப் பற்றிய கசப்பு வெறுங்கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளே இருக்கும் நிரந்தர ஊழியரின் நலனைக் காக்கும் சங்கம், அதே கூரையின் கீழ் பாதிச் சம்பளத்தில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியைக் கண்டுகொள்ளாமல் விடுவது பல நாடுகளில் நடக்கிறது. என்னைக் கேட்டால் இதுவே சங்கங்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட பெருங்கேடு. பொதுப் போக்குவரத்து நின்றால் நிர்வாகத்தைவிடப் பயணிதான் முதலில் துன்பப்படுகிறார். கட்சிப் போட்டியால் ஒரே ஆலையில் ஐந்து சங்கங்கள் முளைத்து, எதுவும் பெரும்பான்மை பெறாமல், நிர்வாகத்துக்கு வசதியாகப் போவதும் உண்டு.

தலைமையின் தவறான கணக்கு ஒரு தொழிலையே விழுங்கிவிட்டதாகச் சொல்லப்படும் நிகழ்வு மும்பையில் நடந்தது. சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் 1982 ஜனவரி 18 அன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அது முறைப்படி ஒருபோதும் திரும்பப் பெறப்படவே இல்லை. விசைத்தறிகளில் துணி நெய்துகொள்ள முடிந்தது, பல ஆலைகள் ஏற்கெனவே நலிந்திருந்தன, ஆலை நிலத்தின் மதிப்போ ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்திவைத்த உழைப்பு இல்லாமலே முதலாளிகளால் காலம் தள்ள முடிந்தபோது நான்கு அடி நடந்தவர்களை யாரும் திரும்ப அழைக்கவில்லை. தொழிலாளர் குறை உண்மையானது; மூன்று காரணிகளின் கணக்குதான் அவர்களுக்கு எதிராக நின்றது. ஆனால் இந்தக் குறைகளுக்கெல்லாம் மருந்து ரகசிய வாக்கெடுப்பும், வெளிப்படையான கணக்கும், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளும் விதிகளும்தான். ஊழல் மிகுந்த நகராட்சியைக் கண்டு நகராட்சியே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை.

## அறுபத்தொரு ஆண்டுக்குப் பிறகு ஒரு நாள்

வேலைநிறுத்தம் அரிதாகிப்போன நாடு என்று ஜப்பானைச் சொல்லலாம். அங்கே நிறுவனத்துக்கு ஒரு சங்கம் என்ற முறை; வசந்த காலத்தில் எல்லா நிறுவனங்களிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஊதியப் பேச்சு நடக்கும்; பெரும்பாலும் அமைதியாகவே முடியும். 2023 ஆகஸ்ட் 31 அன்று தோக்கியோவின் இக்கெபுக்குரோவில் உள்ள செய்பு பல்பொருள் அங்காடி ஒரு நாள் மூடியிருந்தது. நாட்டின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில் 61 ஆண்டுகளில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அது. அங்காடி நிறுவனம் வெளிநாட்டு முதலீட்டு நிதி ஒன்றுக்கு விற்கப்பட இருந்தது. தங்கள் வேலை என்னவாகும் என்பதே ஊழியர்களின் கேள்வி. சுமார் 900 பேர் அன்று பணிக்குச் செல்லவில்லை.

விற்பனை நிற்கவில்லை. அதே நாளில் தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழு அதற்கு ஒப்புதல் அளித்தது. மறுநாள் அங்காடியும் வழக்கம்போலத் திறந்தது. கையிருப்பு, மாற்று ஆள், நிதி என்ற நம் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு நாள் நிறுத்தம் விற்பனையைத் தடுக்கப் போதாது என்பது தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் அதுவரை வணிகப் பக்கத்தில் இரு நிறுவனங்களுக்கு இடையிலான பரிமாற்றமாக மட்டும் எழுதப்பட்டுவந்த செய்தி, அந்த ஒரு நாளுக்குப் பிறகு அங்கே வேலை செய்பவர்களின் செய்தியாகவும் எழுதப்பட்டது.